சல்பேட் நடுவே ஒரு குமிழி: கழிமுகச் சேற்றில் மீத்தேன் ஆர்க்கியா வளர்த்த குறிப்பு

134ஆம் நாள் காலை, 31ஆம் எண் புட்டியின் ரப்பர் அடைப்பானில் ஊசியைக் குத்தினேன். ஈரப்படுத்தி வைத்திருந்த கண்ணாடிச் சிரிஞ்சின் உந்துதண்டு யாரும் தொடாமலே பின்னோக்கி நகரத் தொடங்கியது. 5, 10, 20 என்று ஏறி 26 மி.லி.யில் நின்றது. அதுவரை 30 புட்டிகளில் இதே ஊசியைக் குத்தியிருக்கிறேன். அவற்றில் உந்துதண்டு அசையவே இல்லை, அல்லது உள்ளே இழுபட்டது. அதனால் முதலில் வந்தது மகிழ்ச்சி அல்ல, சந்தேகம். சிரிஞ்சைத் துடைத்து, மறுபடி நனைத்து, 32ஆம் புட்டியில் குத்தினேன். 24 மி.லி. அதன்பிறகுதான் உட்கார்ந்தேன்.

செய்ய நினைத்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. கழிமுகச் சேற்றில் இருந்து மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாவைப் புட்டியில் வளர்த்து, சேறு இல்லாமலே தொடர்ந்து வாழவைக்க வேண்டும். அவ்வளவுதான். ஆர்க்கியா உருவத்தில் பாக்டீரியா போலவே இருந்தாலும் உயிர்மரத்தில் தனிக்கிளை என்று 1977இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் காட்டியபோது, அவர்கள் சான்றாக வைத்தது இந்த மீத்தேன் வகைகளைத்தான். மீத்தேன் உண்டாக்கி அதனாலேயே பிழைக்கும் இந்த மெத்தனோஜென்களுக்கு ஆக்ஸிஜன் ஆகாது. ஆக்ஸிஜனை விரட்டுவதுதான் வேலையின் கடினமான பகுதி என்று நினைத்துத் தொடங்கினேன். அது கடினம்தான். ஆனால் நான் தோற்றது அதில் அல்ல.

சேறு எடுத்தது

முதல் முறை சேற்றை அள்ளிய விதத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஓதம் வற்றிய நேரத்தில் போய், கரண்டியால் மேலாக வழித்து, வாயகன்ற டப்பாவில் முக்கால் அளவு நிரப்பி மூடிக் கொண்டுவந்தேன். மீதிக் கால் பங்கு முழுவதும் காற்று. வழி நெடுகச் சேறு அந்தக் காற்றோடு குலுங்கியது. கரியாக எடுத்த சேறு ஆய்வகம் வந்து சேர்ந்தபோது மேலே பழுப்பேறியிருந்தது. கருமைக்குக் காரணம் இரும்பு சல்பைடு. அது ஆக்ஸிஜன் பட்டால் நிறம் மாறும். நிறம் மாறிய பகுதியைச் சுரண்டி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தினேன். அதை எறிந்திருக்கக்கூடாது என்றில்லை, மீதியையும் சேர்த்து எறிந்திருக்க வேண்டும்.

அடுத்த முறை இரண்டு கருவிகள் கொண்டுபோனேன். ஒன்று, 50 செ.மீ. நீளமுள்ள அக்ரிலிக் குழாய், உள்விட்டம் 6 செ.மீ., இருபுறமும் ரப்பர் மூடி. மற்றொன்று, முனையை நேராக அறுத்துவிட்ட 60 மி.லி. பிளாஸ்டிக் சிரிஞ்சு. குழாயை மெதுவாகச் சேற்றில் இறக்கி, மேல்மூடியை இறுக்கி, கையைப் பக்கவாட்டில் நுழைத்து அடிமூடியையும் போட்டுத் தூக்கினால் அடுக்குகள் கலையாமல் வரும். மேலே 2 அல்லது 3 மி.மீ. மட்டும் பழுப்பு. அதன்கீழ் சாம்பல். 4 செ.மீ.க்குக் கீழே கன்னங்கரேல் என்று, அழுகிய முட்டை நாற்றத்தோடு. குழாயின் வெளிப்புறம் இந்த எல்லைகளை மெழுகுப் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

அந்த 3 மி.மீ. பழுப்பை அலட்சியமாகப் பார்க்கக்கூடாது. ஆக்ஸிஜன் எட்டுவது அங்கே மட்டும்தான். அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றிப் பிழைக்கும் ஆர்க்கியா வாழும் இடமும் அதுவே. அந்த வகையில் முதலில் தனித்து வளர்க்கப்பட்ட நைட்ரோசோபியூமிலஸ் மரிட்டிமஸ், 2005இல், ஒரு கடல்நீர்க் காட்சித்தொட்டியின் அடியில் கிடந்த சரளையில் இருந்து வந்தது. எனக்கு வேண்டியது அவர்களின் நேர் எதிர்மறை ஆட்கள். அதனால் 6 முதல் 14 செ.மீ. வரை உள்ள கரிய துண்டத்தை எடுத்துக்கொண்டேன். அறுத்த சிரிஞ்சைச் சேற்றில் குத்தும்போது உந்துதண்டைச் சேற்றின் மட்டத்திலேயே பிடித்துக்கொண்டு குழலை மட்டும் இறக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே காற்று புகாது. நிரம்பியதும் வாயை ரப்பரால் அடைத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தேன். குளிர்ந்தால் போதும், உறையக்கூடாது.

இளஞ்சிவப்பு வளையம்

ஆக்ஸிஜன் இல்லாமல் நுண்ணுயிர் வளர்க்கும் முறைக்கு அடித்தளம் போட்டவர் ராபர்ட் ஹங்கேட். அதைச் சீரம் புட்டிக்கும் ரப்பர் அடைப்பானுக்கும் ஏற்றபடி மில்லரும் வோலினும் 1974இல் எளிதாக்கினார்கள். நானும் அதே வழிதான்: 120 மி.லி. சீரம் புட்டி, அதில் 50 மி.லி. ஊடகம் (நுண்ணுயிர் வளரும் சத்துக் கரைசல்), மேலே 70 மி.லி. மேல்வெளியில் 80க்கு 20 என்ற அளவில் நைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும், தடித்த பியூட்டைல் ரப்பர் அடைப்பான், அதன்மேல் இடுக்கியால் நெரித்த அலுமினிய வளையம்.

உருளையில் வரும் வாயுவிலும் துளி ஆக்ஸிஜன் இருக்கும். அதைப் பிடிக்க ஒரு செப்புத் தூண் கட்டினேன். வெப்பம் தாங்கும் கண்ணாடிக் குழாயில் செப்புச் சுருள்சீவலை அடைத்து, வெளியே வெப்பநாடா சுற்றி, 350 டிகிரி செல்சியஸில் வைப்பது. பளபளவென்று இருக்கும் செம்பு ஆக்ஸிஜனைப் பிடித்துக் கறுக்கும். முழுவதும் கறுத்தபின், 5 விழுக்காடு ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜனை அதனூடே விட்டால் மறுபடி செம்பாகும். வெளிமுனையில் நீர்த்துளிகள் சொட்டும். அந்தத் துளிகளைப் பார்ப்பதில் ஒரு சிறுபிள்ளைத்தனமான திருப்தி. தூய ஹைட்ரஜனை அந்தச் சூட்டில் விடும் எண்ணம் யாருக்கும் வரவேண்டாம்.

தூண் சரியாக இருந்தது. புட்டிகள் சரியாக இல்லை. ஊடகத்தில் ரெசாசுரின் என்ற சாயம் லிட்டருக்கு 1 மி.கி. போட்டிருந்தேன். அது முதலில் நீலம், பிறகு இளஞ்சிவப்பு, ஆக்ஸிஜன் முழுவதும் போனபின் நிறமற்றது. நீலத்தில் இருந்து இளஞ்சிவப்புக்குப் போனால் திரும்பாது. ஆனால் இளஞ்சிவப்பும் நிறமின்மையும் ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே இருக்கும், அதனால்தான் அது நல்ல காவல்காரன். என் புட்டிகள் மாலையில் நிறமற்று இருந்தன. காலையில் பார்த்தால் நீர்மட்டத்தில் மட்டும் மெல்லிய இளஞ்சிவப்பு வளையம். அடைப்பான்களைக் குறை சொன்னேன், மாற்றினேன். இடுக்கியைக் குறை சொன்னேன், திருகை இறுக்கினேன், 2 புட்டிக் கழுத்துகள் உடைந்ததுதான் மிச்சம். செப்பைக் குறை சொல்லி மறுபடி ஹைட்ரஜன் விட்டேன். ஒரு வாரம் இப்படியே போனது.

கடைசியில் ஆய்வகத்தின் மூத்த தொழில்நுட்பர் வந்து நின்றார். அவர் கேள்வி ஒன்றுதான்: “தூணுக்கும் ஊசிக்கும் நடுவே என்ன குழாய் போட்டிருக்கிறீர்கள், தம்பி?”

சிலிக்கோன் குழாய். வளைக்க வசதி என்று 2 மீட்டர் நீளத்துக்குப் போட்டிருந்தேன். சிலிக்கோன் சுவர் வழியே ஆக்ஸிஜன் தாராளமாக ஊடுருவும். 350 டிகிரி சூட்டில் வடிகட்டிய வாயுவை, மறுபடி காற்றோடு கலக்கும் குழாயில் ஊர்வலம் விட்டுக்கொண்டிருந்தேன். மெல்லிய செப்புக் குழாயை வாங்கி வளைத்து, இணைப்புகளில் மட்டும் 5 செ.மீ. பியூட்டைல் ரப்பர் வைத்தேன். மறுநாள் காலை வளையம் இல்லை. இந்த வேலையில் ஒரே ஒரு குறிப்பைத்தான் சுவரில் ஒட்டலாம் என்றால் இதைத்தான் ஒட்டுவேன்: வாயு கடைசியாகத் தொடும் பொருள் எது என்று பார்.

ஊடகம்

ஒரு லிட்டருக்கு நான் எடுத்த அளவு: சோடியம் குளோரைடு 26 கிராம், படிக நீருள்ள மக்னீசியம் குளோரைடு 5.6, மக்னீசியம் சல்பேட் 6.8, கால்சியம் குளோரைடு 1.5, பொட்டாசியம் குளோரைடு 0.7, அம்மோனியம் குளோரைடு 0.25, பொட்டாசியம் பாஸ்பேட் 0.2. இதனுடன் நுண்கனிமக் கரைசலும் வைட்டமின் கரைசலும். நுண்கனிமங்களில் நிக்கலும் கோபால்ட்டும் கட்டாயம். மீத்தேனை விடுவிக்கும் நொதியின் மையத்தில் நிக்கல் உட்கார்ந்திருக்கிறது. மெத்தில் தொகுதியைக் கைமாற்றும் புரதங்களில் கோபால்ட் இருக்கிறது.

இதில் சோடியம் பைகார்பனேட்டை, லிட்டருக்கு 2.5 கிராம், மற்றவற்றோடு சேர்த்து, கிருமி நீக்கும் நீராவிக் கொதிகலனில் வைத்தேன். வெளியே எடுத்தபோது புட்டியின் அடியில் வெண்மணல் போலப் படிந்திருந்தது. சூட்டில் கார்பன் டை ஆக்சைடு பறந்துவிட, பிஎச் ஏறி, கால்சியமும் மக்னீசியமும் கீழே இறங்கிவிட்டன. மறுமுறை பைகார்பனேட்டைத் தனியாகக் கரைத்து, அதன்மேல் கார்பன் டை ஆக்சைடு நிரப்பி மூடிக் கிருமிநீக்கம் செய்து, ஊடகம் ஆறியபிறகு ஊசியால் சேர்த்தேன். பிஎச் 7.2. ஆக்ஸிஜனின் கடைசித் துளியை அகற்றச் சிஸ்டீனும் சோடியம் சல்பைடும் லிட்டருக்கு 0.5 கிராம் வீதம், அதுவும் கடைசியாக. சல்பைடைச் சேர்ப்பதற்கு முன் அதன் படிகங்களைச் சில நொடி நீரில் அலசி, வடிதாளில் ஒற்றி எடுத்து எடைபோட வேண்டும். மேலே படிந்திருக்கும் வெள்ளைப் பொடி சல்பைடு அல்ல, ஆக்ஸிஜன் பட்டுக் கெட்டுப்போனது. நச்சு வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் புகைக்கூண்டுக்கு வெளியே இந்த வேலையைச் செய்யக்கூடாது.

முதல் சுற்று: பசித்தவன் வேறு

12 புட்டிகள். ஒவ்வொன்றிலும் 5 கிராம் ஈரச்சேறு. 6 புட்டிகளுக்கு உணவாக 20 மில்லிமோலார் (லிட்டருக்கு 20 மில்லிமோல்) அசிட்டேட், அதாவது வினிகர் அமிலத்தின் உப்பு. மற்ற 6 புட்டிகளின் மேல்வெளியில் ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும், வெளிக்காற்றைவிட 1 பார் கூடுதல் அழுத்தத்தில். 30 டிகிரி செல்சியஸ், இருட்டு. மெத்தனோஜென் என்றாலே அசிட்டேட்டும் ஹைட்ரஜனும் என்று நன்னீர்ச் சேற்றையும் சாண எரிவாயுக் கலனையும் வைத்து எழுதிய பாடங்களில் படித்திருந்தேன். நான் நிற்பது கடலோரம் என்பது நினைவில் இல்லை.

ஹைட்ரஜன் புட்டிகளில் அழுத்தம் இறங்கத் தொடங்கியதும் குதூகலம். ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் 5 பங்கு சேர்ந்து 1 பங்கு மீத்தேன் ஆகும்போது அழுத்தம் குறையத்தானே வேண்டும்? தினமும் இறங்கும் கோட்டை வரைபடத்தாளில் வரைந்து, அதை இரண்டு பேரிடம் காட்டவும் செய்தேன். 44ஆம் நாளில் ஊசியைக் குத்தினால் புட்டி சிரிஞ்சை உள்ளே உறிஞ்சியது. வாயுக் கலவையைப் பிரித்து அளக்கும் வாயுப் பகுப்பியில் ஏற்றிப் பார்த்தேன். மீத்தேன் இருக்க வேண்டிய இடத்தில் தட்டையான கோடு. அசிட்டேட் புட்டிகளிலும் அப்படியே. ஆனால் 12 புட்டிகளும் மை போலக் கறுத்திருந்தன. ஒன்றைத் திறந்தபோது வந்த நாற்றத்தில் பக்கத்து அறைக்காரர் கதவைச் சாத்தினார்.

உண்டவன் வேறு. கடல்நீரில் சல்பேட் ஏறத்தாழ 28 மில்லிமோலார் இருக்கிறது. அதைச் சுவாசித்து வாழும் பாக்டீரியா, ஹைட்ரஜனையும் அசிட்டேட்டையும் மெத்தனோஜென் தொடமுடியாத அளவுக்கு அடிமட்டம் வரை நக்கிவிடும். நான் ஒரு கணக்குப் போட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். 50 மி.லி. ஊடகத்தில் 1.4 மில்லிமோல் சல்பேட். ஒரு சல்பேட்டுக்கு 4 ஹைட்ரஜன் வீதம் 5.6 மில்லிமோல் வரை உண்ணலாம். மேல்வெளியில் நான் அடைத்திருந்ததோ 4.5 மில்லிமோல் ஹைட்ரஜன். முழு விருந்தும் அவர்களுக்கே போதவில்லை. அழுத்தம் இறங்குவது மீத்தேனுக்கும் சல்பைடுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்பதை அந்த வரைபடத்தாள் எனக்குச் சொல்லவில்லை. அதைக் கிழித்துப் போடவில்லை, கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

இரண்டாம் சுற்று: எதிரியைப் பட்டினி போடுவது

சல்பேட்டை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். மக்னீசியம் சல்பேட்டுக்குப் பதில் அதே மோல் அளவு மக்னீசியம் குளோரைடு. 18 புட்டிகள். இவற்றில் 6 புட்டிகளுக்கு மட்டும் 20 மில்லிமோலார் சோடியம் மாலிப்டேட், சல்பேட் சுவாசிகளை முடக்க. சேற்றின் இடைநீரோடு வந்துவிடும் சல்பேட்டை மறந்திருந்தேன். 5 கிராம் சேற்றில் சுமார் 3 மி.லி. நீர் என்று வைத்தால் புட்டியில் 1.5 மில்லிமோலார் அளவுக்கு அது வந்து சேர்ந்துவிடும். பெரிய தொல்லை இல்லை, ஆனால் அது தீரும்வரை காத்திருக்க வேண்டும்.

மாலிப்டேட் புட்டிகள் இரண்டே நாளில் ஆரஞ்சு நிறமாயின. கிருமி நுழைந்துவிட்டதோ என்று ஒன்றைக் கொட்டியும்விட்டேன். சல்பைடும் மாலிப்டேட்டும் சேர்ந்து கொடுக்கும் நிறம் அது. அந்த நிறத்தின் நடுவே ரெசாசுரினின் இளஞ்சிவப்பு தெரியவே தெரியாது என்பதால், அந்தப் புட்டிகளில் ஆக்ஸிஜன் புகுந்ததா இல்லையா என்று சொல்ல எனக்கு வழியில்லாமல் போனது. காவல்காரனின் கண்ணை நானே கட்டிவிட்டேன்.

112ஆம் நாள்வரை பொறுத்தேன். ஹைட்ரஜன் கொடுத்த சில புட்டிகளில் மேல்வெளியில் 4 விழுக்காடு வரை மீத்தேன். அசிட்டேட்டில் ஒன்றுமில்லை. தோல்வி என்று சொல்ல முடியாது. ஆனால் கழிமுகத்தில் சல்பேட் இருக்கிறது, அங்கே மீத்தேன் குமிழிகளும் வருகின்றன. என் புட்டியில் மட்டும் சல்பேட்டை எடுத்தால்தான் வருகிறது என்றால், நான் வளர்ப்பது அந்தச் சேற்றில் உண்மையில் வேலை செய்பவர்களை அல்ல, ஓரமாகக் காத்திருந்தவர்களை. இந்த எண்ணம் ஒரு வாரம் உறுத்திக்கொண்டே இருந்தது.

மீன் நாற்றம்

விடை மூக்கில் இருந்தது. மூன்றாம் முறை சேறு எடுக்கப் போனபோது, ஓதக் கோட்டில் ஒதுங்கி மட்கிய பாசியும் உவர்ப்புல்லும் குவிந்த இடத்தில் கால்வைத்தேன். அழுகிய முட்டை நாற்றம் அல்ல, கெட்டுப்போன மீனின் நாற்றம். மீனே அங்கே இல்லை. அது டிரைமெத்தில்அமீன். உவர்நிலத் தாவரங்களும் பாசிகளும் உப்பைத் தாங்குவதற்காகச் செல்லுக்குள் கிளைசின் பீட்டைன் என்ற பொருளைச் சேர்த்து வைக்கின்றன. அவை மட்கும்போது அது உடைந்து இந்த அமீனைத் தருகிறது. இதைச் சல்பேட் சுவாசிகள் பெரும்பாலும் சீந்துவதில்லை. மெத்தனோஜென்களில் ஒரு கூட்டம் இதையே தின்று வாழ்கிறது. போட்டியில்லாத உணவு. ஓரம்லாண்டும் போல்சினும் 1982லேயே இதை எழுதிவிட்டார்கள். நான் படித்தும் இருக்கிறேன். படித்தது தலையில் இருந்தது, கையில் இல்லை.

இந்த முறை ஊடகத்தில் சல்பேட் முழு அளவு, 28 மில்லிமோலார், வேண்டுமென்றே. டிரைமெத்தில்அமீன் ஹைட்ரோகுளோரைடு 9.56 கிராமை 100 மி.லி. நீரில் கரைத்து 1 மோலார் கரைசல் செய்து, புட்டிக்கு 0.5 மி.லி. சேர்த்தால் 10 மில்லிமோலார். அந்த உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசியும், எடைபோடும்போது கை வேகமாக இயங்க வேண்டும். சிந்தினால் சட்டையோடு வீட்டுக்கு வரும்.

முந்தைய இரண்டு சுற்றிலும் ஒப்பீட்டுப் புட்டிகள் வைக்காத பாவத்துக்கும் இப்போது கழுவாய். 12 புட்டிகளை நான்காகப் பிரித்தேன். 3இல் சேறும் அமீனும். 3இல் அவற்றோடு 20 மில்லிமோலார் புரோமோஈத்தேன் சல்போனேட், அதாவது மீத்தேன் நொதியின் துணைப்பொருளைப் போல வேடமிட்டு வழியை அடைக்கும் பொருள். 3இல் சேறு மட்டும். 3இல் கொதிகலனில் வேகவைத்த சேறும் அமீனும். 125ஆம் நாள் மூடினேன். 9 நாள் கழித்துப் பார்த்ததுதான் தொடக்கத்தில் சொன்ன 26 மி.லி.

இங்கே கணக்கை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தேன், பட்ட புத்தி. 4 டிரைமெத்தில்அமீன் 9 மீத்தேன் தரும். புட்டியில் இருப்பது 0.5 மில்லிமோல் அமீன், எனவே 1.125 மில்லிமோல் மீத்தேன், 30 டிகிரியில் 28 மி.லி. மூன்று புட்டிகளிலும் வந்தது 26, 24, 27. கொஞ்சம் செல்லாகிப்போயிருக்கும், கொஞ்சம் நீரில் கரைந்திருக்கும். தடைப்பொருள் இட்ட புட்டிகளில் உந்துதண்டு அசையவில்லை. வேகவைத்ததிலும் இல்லை. சேறு மட்டும் இருந்ததில் 1 மி.லி.க்கும் குறைவு. வாயுப் பகுப்பியில் மேல்வெளியின் ஏறத்தாழ கால் பங்கு மீத்தேன் என்று வந்தது. சல்பேட் சுவாசிகள் அதே புட்டியில் உயிரோடுதான் இருந்தன, கறுத்த சேறே சாட்சி. ஒரே அறையில் இரண்டு குடும்பம், தனித்தனி உலை.

சேற்றைக் கழற்றுவது

26 மி.லி. வந்த புட்டியில் இருந்து 5 மி.லி.யை எடுத்துப் புது ஊடகம் 45 மி.லி.யில், பாலுக்கு உறைமோர் இடுவது போல, உறையாக இட்டேன். 8 நாளில் வாயு. மறுபடி 10 விழுக்காடு மாற்றம். 7 நாள். மூன்றாம் மாற்றத்தில் ஒன்றும் வரவில்லை, புட்டி இளஞ்சிவப்பு. ஊசியின் உள்வெற்றிடத்திலும் சிரிஞ்சின் நுனியிலும் தங்கும் காற்றை மறந்திருந்தேன். சேறு இருந்தவரை அதிலிருந்த சல்பைடும் இரும்பும் என் கவனக்குறைவை மன்னித்துக்கொண்டிருந்தன. சேறு குறையக் குறைய மன்னிப்பும் குறைந்தது. இப்போது ஊடகம் இல்லாமல் நைட்ரஜன் மட்டும் நிரப்பிய கிருமிநீக்கப் புட்டி ஒன்றை மேசையில் எப்போதும் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்பும் அதில் மூன்று முறை சிரிஞ்சை இழுத்துத் தள்ளுகிறேன். வாயு சேர்ந்த புட்டியில் ஊசி போடும்போது கண்ணாடியும் அணிகிறேன். கழுத்து உடைந்த 2 புட்டிகள் கொடுத்த பாடம் அது.

நான்காம் மாற்றத்தில் ஆம்பிசிலினும் வான்கோமைசினும் சேர்த்தேன். இவை பாக்டீரியச் சுவரின் பெப்டிடோகிளைக்கானைக் கட்டவிடாமல் தடுப்பவை. ஆர்க்கியாவுக்கு அந்தச் சுவரே இல்லை. ஐந்தாம் மாற்றத்தில் ஊடகம் தெளிந்து, லேசான கலங்கல் மட்டும்.

நுண்ணோக்கியில் 1 மைக்ரான் அளவில் ஒழுங்கற்ற உருண்டைகள். 420 நானோமீட்டர் ஒளியில் மங்கலான நீலப்பச்சை. எஃப்420 என்ற துணைநொதி தரும் ஒளி அது. தெளிவாகப் பார்க்க நினைத்துக் குவியத்தைத் திருகிக்கொண்டே இருந்தால் கண்முன்னே மங்கி அணையும். முதலில் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு பிறகு விளக்கைத் திறக்க வேண்டும். நான் நான்கு தடவை இருட்டைப் படமெடுத்தேன்.

டி.என்.ஏ.யில் ஓர் எழுத்து

வளர்ப்பில் இருந்து டி.என்.ஏ. எடுப்பது ஒரு மதிய வேலை. எம்சிஆர் ஏ என்ற மீத்தேன் நொதி மரபணுவைப் பெருக்கி அதன் எழுத்து வரிசை பார்த்ததில் மெத்தனோகாக்காய்டிஸ் இனத்துக்கு நெருக்கம் என்று வந்தது. கடலோரச் சேற்றில் மெத்தில் அமீன் உண்பவர்களில் நன்கு தெரிந்த பெயர், ஆச்சரியம் இல்லை.

மூலச்சேற்றில் இருந்து எடுத்ததுதான் தொல்லை. டி.என்.ஏ. தேநீர் நிறத்தில் வந்தது. மட்கிய பொருளில் இருக்கும் ஹியூமிக் அமிலம் உடன்வந்து, டி.என்.ஏ.யை நகலெடுக்கும் பெருக்க வினையை முடக்கியது. 10 மடங்கு நீர்த்து, கொஞ்சம் ஆல்புமின் புரதம் சேர்த்தபின்தான் வேலை செய்தது. அடுத்து, மேல் 3 மி.மீ. பழுப்பில் அம்மோனியா ஆர்க்கியா மிகக் குறைவாகத் தெரிந்தது. நான் எடுத்தது அலமாரியில் கிடந்த பழைய 515எஃப் தொடக்கத் துண்டு, அதாவது பெருக்க வேண்டிய மரபணுவில் முதலில் ஒட்டிக்கொள்ளும் குட்டி டி.என்.ஏ. அதன் நான்காவது எழுத்து சி. அந்த இடத்தில் சி அல்லது டி எதுவும் பொருந்தும்படி திருத்திய வடிவம் புழக்கத்துக்கு வந்து ஆண்டுகள் ஆகின்றன. பழையது இந்தக் கூட்டத்தை இருட்டடிப்பு செய்யும். புதியதை வைத்து மறுபடி ஓட்டியதும் நைட்ரோசோபியூமிலஸ் உறவினர்கள் மேலடுக்கில் வந்து நின்றார்கள்.

கரிய அடுக்கின் பட்டியல் என் பெருமையை அடக்கியது. பாத்தியார்க்கியா, தோரார்க்கியா, லோக்கியார்க்கியா, வோசியார்க்கியா என்று ஆர்க்கியா வரிசைகள் நீண்டன. நான் 134 நாள் பாடுபட்டு வளர்த்த கூட்டமோ அதில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. உணவைக் கொடுத்தவன் கையை யார் முதலில் பிடிக்கிறாரோ அவர்தான் புட்டியில் வளர்கிறார். லோக்கியார்க்கியாவின் உறவான ஓர் உயிரை ஆழ்கடல் சேற்றில் இருந்து வளர்க்க ஜப்பானிய ஆய்வாளர் இமாச்சியின் குழுவுக்கு 12 ஆண்டு பிடித்தது. 2020இல் வெளியானது. ஸ்லோவேனியாவில் பிரான் நகருக்கு அருகே ஆழமற்ற கால்வாய்ச் சேற்றில் இருந்து இன்னொன்றை 2022இல் கொண்டுவந்தார்கள். கால்வாய்ச் சேறு என்று படித்தபோது சற்றுத் தெம்பு வந்தது, பிறகு அது வளரும் வேகத்தைப் படித்தேன்.

எதற்கு எவ்வளவு

அதிகம் விழுங்கியது வரிசை பார்க்கும் செலவு. மற்ற எல்லாச் செலவும் சேர்ந்தாலும் அதற்குக் கீழேதான். அடுத்தது பியூட்டைல் அடைப்பான்கள். ஆனால் அவற்றை நீரில் கொதிக்கவைத்து 5 முறை வரை திரும்பப் பயன்படுத்தலாம், ஊசித்துளை ஒரே இடத்தில் விழாமல் பார்த்துக்கொண்டால். வெற்றி தந்த அமீன் உப்புதான் பட்டியலில் மலிவானது. நேரத்தில் பார்த்தால் வாயுத்தூண் கட்டியதும் பழுதுபார்த்ததும் 3 வாரம், காத்திருந்தது 4 மாதம், உண்மையில் கை வேலை செய்தது 20 நாள்கூட இருக்காது.

மறுபடி தொடங்கினால், புட்டி மூடும் முன் இடைநீரில் சல்பேட்டை அளப்பேன். பேரியம் குளோரைடு இட்டு வெண்கலங்கல் பார்க்கும் எளிய சோதனையே போதும். தடைப்பொருள் புட்டி இல்லாமல் ஒரு சுற்றும் தொடங்கமாட்டேன். சேற்றை 2 செ.மீ. துண்டங்களாக வெட்டித் தனித்தனியே உறையிடுவேன். எந்த ஆழத்தில் மெத்தில் உண்பவர்கள் அதிகம் என்பதை ஒரே கலவையாக்கி நானே அழித்துவிட்டேன். மாலிப்டேட் வைப்பதானால் ரெசாசுரினை நம்பமாட்டேன்.

இப்போது அலமாரியில் 6 புட்டிகள். ஏழாம் மாற்றம் அமீனில் 3, மெத்தனாலில் 3. மெத்தனால் புட்டிகளை மூடி 4 நாள் ஆகிறது. இன்று காலை குத்திப் பார்த்தேன், 2 மி.லி. கிளைசின் பீட்டைனும் வந்து சேர்ந்துவிட்டது. அதை உடைத்து அமீன் தரும் பாக்டீரியாவையும் கூடவே வளர்க்க வேண்டுமானால் மூலச்சேறு புதிதாக வேண்டும். அடுத்த நீர்வற்றம் காலை 5.40க்கு. குழாய்களைக் கழுவி வைத்தாயிற்று.